ஆளுக்குக் கால் சுற்று

காபரேட்டர் திருத்துவது காதால் செய்கிற தொழில். எனக்கோ வலக் காது கேட்பதில்லை.

முப்பத்தைந்து வருடம் போட் எஞ்சின்களுக்குப் பக்கத்தில் குந்தியிருந்ததில் அந்தக் காது போய்விட்டது. மிஞ்சிய ஒற்றைக் காதை வைத்துத்தான் கற்பிட்டிக் கரையில் ஓட மாட்டேன் என்று அடம்பிடித்த எஞ்சின்களையெல்லாம் ஓட வைத்தேன். ஒருமுறை உச்சமுனையில் நான் திருத்திக் கொடுத்த எஞ்சின் ஒன்று வள்ளத்திலிருந்து கழன்று, தன்னந்தனியாகக் களப்பின் உப்புத் தண்ணீரைத் தாண்டி வந்து, என் கராஜ் வாசலில் நின்று ஓயில் கேட்டது. இதை நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். இனி நான் சொல்லப் போவது அதைவிட நம்பக் கஷ்டமானது. ஆனால் இது நடந்தது.

சின்ன ஸ்க்ரூ ஒன்றை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் திருப்பித் திருப்பி, கடைசியில் எந்தப் பக்கம் திருப்பினோம் என்பதே மறந்து, வீட்டிலிருப்பவர்கள் முகத்தைப் பார்க்க வெட்கப்பட்டு மண்ணில் உட்கார்ந்திருந்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். இருந்தால் நீங்கள் என் ஆள். கிட்ட வந்து இடப்பக்கம் உட்காருங்கள்.

வண்டிக்கு முன்னமே வந்த காபரேட்டர்

சண்டை முடிந்து சில வருடத்தில் எங்கள் கரைக்கு வெள்ளைக்காரர்கள் வரத் தொடங்கினார்கள். பெரிய பட்டத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு, பலகையில் நின்று, தண்ணீருக்கு மேலே ஓடுவார்கள். கடலில் பறக்கிற அந்த மனிதர்களுக்கு மணலில் நடக்க மட்டும் தெரியாது. கடற்கரையிலிருந்து களப்புப் பக்கம் போக அரை மைல் மணல். பட்டத்தையும் பலகையையும் தூக்கிக்கொண்டு பாதி வழியில் குந்திவிடுவார்கள். இதைக் கேள்விப்பட்டுத்தான் என் மருமகன் ரபீக், ஆறு வருடம் கட்டாரில் லொறி ஓட்டிய உழைப்பைப் போட்டு, நீர்கொழும்பில் ஒருவரிடமிருந்து பழைய நாலு சில்லு மோட்டார் சைக்கிள் ஒன்றைக் கொண்டுவந்தார். இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின், காலால் உதைத்து ஸ்டார்ட் பண்ணுகிற வகை. கரையில் புதிதாக ஹோட்டல் கட்டிய சிங்கள முதலாளி, நாங்கள் மரியாதையாக மாத்தயா என்று கூப்பிடுகிறவர், வண்டி ஒழுங்காக ஓடினால் காற்றுக் காலம் முழுக்க வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்.

ஓடாவிட்டால் என்ன என்பதும் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். கட்டாருக்கு மறுபடி விசா வந்திருந்தது. பாஸ்போட் அலுமாரியில், என் மகள் பரீதாவின் கல்யாணச் சேலைக்குக் கீழே கிடந்தது. மாதம் முடிவதற்குள் ஏஜென்சிக்காரனுக்குப் பதில் சொல்ல வேண்டும். பேத்தி சின்னவள், தகப்பன் வந்த முதல் இரண்டு கிழமையும் அவரை அங்கிள் என்றுதான் கூப்பிட்டாள். வாப்பா என்று வாய் வந்து பத்து நாள்கூட ஆகவில்லை.

வண்டியைப் பார்த்தேன். கம்பனியில் வந்தபடியே இருந்தது. ஒன்றிலும் கை வைக்கத் தேவையில்லை. ஆனால் மருமகன், வண்டி வாங்குவதற்கு முன்னமே காபரேட்டர் வாங்கிவிட்ட மனிதர். கட்டார் மணலில் விளையாட்டுக்கு ஓட்டுகிற பொடியன்மார் கம்பனிக் காபரேட்டரைக் கழற்றி எறிந்துவிட்டு இதைத்தான் போடுவார்களாம். பெட்டியைத் திறந்தார். செம்பருத்திப்பூ மாதிரிச் சிவப்பு. வாயும் பழையதைவிடப் பெரிது. காபரேட்டர் என்பது காற்றையும் பெற்றோலையும் கலந்து எஞ்சினுக்கு ஊட்டுகிற சாமான். சின்ன வாய்க்குப் பெரிய அகப்பையால் ஊட்டினால் என்ன நடக்கும் என்று பிள்ளை பெற்றவர்களுக்குத் தெரியும். அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் பரீதா என்னைக் கராஜுக்குப் பின்னால் கூட்டிப்போய்ச் சொன்னாள்: "இது ஓடாட்டி அவர் பிளேன் ஏறிருவார், வாப்பா. நீங்க வாயால ஓட்டுறதெல்லாம் போதும், இதக் கையால ஓட்டித் தாங்க."

தேத்தண்ணி நிறம்

சிவப்புக் காபரேட்டரைப் பூட்டினேன். இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினின் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் தெரியும். பிளக்கின் நுனி வெள்ளையாக இருந்தால் பெற்றோல் காணாது. அப்படியே ஓட்டினால் எஞ்சின் சூடேறி இறுகிவிடும். கறுப்பாக இருந்தால் பெற்றோல் கூடிவிட்டது. புகைத்து, இருமி, நின்றுவிடும். இரண்டுக்கும் நடுவில், பால் விடாத தேத்தண்ணி நிறத்தில் இருக்க வேண்டும். அதற்குத்தான் காபரேட்டரின் பக்கத்தில் ஒரு காற்று ஸ்க்ரூ. கால் சுற்று வெளியே எடுத்தால் காற்றுக் கூடும், கால் சுற்று உள்ளே விட்டால் குறையும். இவ்வளவுதான் என் படிப்பு.

முதல் நாள் அந்தியில் பிளக் அசல் தேத்தண்ணி. வண்டியைத் துடைத்து, வீட்டுக்கு முன்னால் கரைக்குப் போகிற ஒழுங்கை ஓரமாகப் பூவரச மரத்துக்குக் கீழே நிறுத்திவிட்டு, அல்ஹம்துலில்லாஹ் என்று படுத்தேன். மறுநாள் காலை உதைத்தால் பிடிக்கவில்லை, பிடித்தது நிற்கவில்லை. பிளக்கைக் கழற்றினேன், சுண்ணாம்பு வெள்ளை. திருத்தினேன். அடுத்த நாள் காலை அடுப்புக்கரி. திருத்தினேன். அதற்கடுத்த நாள் ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் கறுப்பு. அப்படி ஒரு பிளக்கை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை.

பக்கத்து வளவு சூசையைக் கூப்பிட்டுக் காட்டினேன். சூசை கடல் தொழில் செய்கிறவர், கத்தோலிக்கர், என்னைவிட நாலு வயது இளையவர். நான் இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து எனக்குக் கூட்டாளி, மூத்தவன் என்ற மரியாதையில் என்னைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார். பிளக்கை வெயிலில் பிடித்துப் பார்த்தார், மணந்து பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார். "பிளக்கில ஒரு பிழையும் இல்ல காக்கா. புத்தளம் ஆஸ்பத்திரியில புதன்கிழமை கண் பாக்கிறாங்களாம்."

பாலாவியில் இல்லாத சாமான்

காபரேட்டருக்குள் பெற்றோல் வருகிற ஓட்டைக்கு ஜெட் என்று பெயர். குண்டூசி நுழைகிற அளவு துளை போட்ட பித்தளை ஆணி. அதன் அளவு பிழைத்தால் ஸ்க்ரூவை என்ன செய்தும் பிரயோசனம் இல்லை. சரி, பிழை அங்கேதான் என்று முடிவெடுத்து, காபரேட்டரைக் கழற்றி ஒரு துவாயில் சுற்றிக்கொண்டு பாலாவிக்கு பஸ் ஏறினேன். அந்தச் சந்தியில் சீமெந்து லொறிக்கும் உப்பு லொறிக்கும் சாமான் விற்கிற கடைக்காரர் ஒருவர் இருக்கிறார். அவர் கடையில் இல்லாத சாமான் இலங்கையில் இல்லை என்பது அவருடைய கட்சி.

துவாயை விரித்ததும் கடையில் நின்ற சாரதிமார் எல்லாரும் கூடிவிட்டார்கள். ஒருவர் அது சாயம் அடிக்கிற துவக்கின் தலை என்றார். இன்னொருவர் எக்ஸ்ரே மெசினின் பாகம் என்றார். கடைக்காரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஜெட்டைக் கழற்றி நம்பர் தேடினார். நம்பர் இல்லை. எழுத்து இருந்தது, அவர் வாசிக்கிற எந்தப் பாஷையிலும் இல்லை. பெட்டி பெட்டியாக ஜெட்டைக் கொட்டிப் போட்டுப் பார்த்தார். ஒன்றுக்கும் அதன் புரி பொருந்தவில்லை. கடைசியில் காபரேட்டரைப் பிள்ளையைத் தருவதுபோல இரண்டு கையாலும் என்னிடம் தந்தார். "இதுக்கு ஜெட் வாறதில்ல காக்கா. துஆதான் கேக்கணும்."

காற்றின் மேல் சுமத்திய குற்றம்

வீட்டுக்கு வந்து ஜெட்டின் ஓட்டையை ஈயத்தால் அடைத்து, பரீதாவின் தையல் ஊசியால் திரும்பத் துளைத்தேன். ஓடியது. ஆனால் வடக்கே போகும்போது ஓடியது, தெற்கே திரும்பியதும் இருமியது. மறுநாள் தெற்கே ஓடியது, வடக்கே இருமியது. யோசித்துப் பார்த்ததில் குற்றவாளி காற்றுத்தான் என்று பட்டது.

எங்கள் காற்றைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு மார்கழியில் என் சாரன் கொடியிலிருந்து பறந்து போய், நாலு நாள் கழித்து முன்னேஸ்வரத்தில் ஒரு ஐயர் வீட்டுக் கொடியில் இறங்கியது. ஐயர் நல்ல மனிதர். மடித்து, தெரிந்த ஒரு கொண்டக்டரிடம் கொடுத்து அனுப்பினார். அப்படிப்பட்ட காற்று, காபரேட்டரின் பெரிய சிவப்பு வாய்க்குள் முகத்துக்கு நேரே அடித்தால் கலவை என்னத்துக்கு ஆகும்?

பரீட்சித்துப் பார்க்க ஒரு பாயை எடுத்தேன். வண்டியின் முன்னால் சூசையை ஏற்றி, பாயை விரித்துக் காற்றை மறைக்கச் சொன்னேன். ஓட்டியவர் மருமகன், பின்னால் நான், காதைச் சாய்த்தபடி. எஞ்சின் உண்மையிலேயே அருமையாகப் பாடியது. அந்தச் சந்தோசத்தில், பாய் காற்றை மட்டுமல்ல மருமகனின் கண்ணையும் மறைக்கிறது என்பதை மூன்று பேரும் மறந்துவிட்டோம். எஞ்சின் நின்றபோது நாங்கள் களப்புக்குள் முழங்கால் தண்ணீரில் இருந்தோம். முன்னால் சூசை பாயை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, திரும்பாமலே சொன்னார்: "காத்து நிண்டுட்டு காக்கா. இப்ப தண்ணிதான் வருது."

மாத்தயா பார்த்த முதல் ஓட்டம்

ஹோட்டல் மாத்தயா வண்டியைப் பார்க்க வருவதாகச் சொன்ன நாள் வந்தது. அதற்கு முதல் நாள் அந்தியில் நான் இடக் காதை எஞ்சினில் வைத்து, மூச்சைப் பிடித்துக் கேட்டுக் கேட்டு, தேத்தண்ணி நிறத்துக்குக் கொண்டுவந்திருந்தேன். காலையில் மாத்தயா வெள்ளைச் சேட்டோடு வந்து நின்றார். மருமகன் பிஸ்மி சொல்லி உதைத்தார். ஏழாவது உதையில் பிடித்தது. ஆனால் எஞ்சின் மூச்சு வாங்கியது. நிற்பதா ஓடுவதா என்று தயங்கி, ஒரு விக்கல் விக்கி, திரும்பவும் பிடித்துக்கொண்டது.

அந்த விக்கலில்தான் விசயம் இருந்தது. இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினுக்குக் கலவை பிழைத்து, நிற்கப் போகிற கட்டத்தில் ஒரு உதறு உதறினால், சில நேரம் அது மறுபக்கமாகச் சுற்றத் தொடங்கிவிடும். கேட்டால் கதை என்பீர்கள், ஆனால் எஞ்சின் தெரிந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். சத்தத்தில் வித்தியாசம் தெரியாது. வலக் காதும் இருந்திருந்தால் ஒருவேளை எனக்குத் தெரிந்திருக்கும். மருமகன் முதலாம் கியரைப் போட்டு, மாத்தயாவைப் பார்த்துச் சிரித்து, முறுக்கினார். வண்டி பின்னுக்குப் பாய்ந்தது. மருமகன் முன்னுக்குப் பார்த்தபடி, முகத்தில் அதே சிரிப்போடு, எங்களை விட்டுத் தூரமாகப் போய்க்கொண்டிருந்தார். சூசையின் கருவாட்டுப் பரண் குறுக்கே வந்ததால் நின்றது.

ஒருவரும் சிரிக்கவில்லை. வேலிக்குப் பின்னால் பரீதா நின்றது எல்லாருக்கும் தெரியும். மாத்தயா தன் காலில் பறந்து வந்து ஒட்டிய நெத்தலிக் கருவாடு ஒன்றை எடுத்துப் பரணில் திரும்ப வைத்தார். அடுத்த ஞாயிறு இன்னொரு முறை பார்ப்பதாகவும், அதுதான் கடைசி என்றும் மரியாதையாகத்தான் சொன்னார். ஜீப்பில் ஏறின பிறகு ஜன்னலால் தலையை நீட்டி என்னைக் கூப்பிட்டார். "ஐயா, கோவிக்க வாணாம். முன்னுக்குப் போற நாள் பாத்து எனக்கு சொல்லுங்க."

வெள்ளைக் கோடு

அன்றிலிருந்து எனக்கு என் மேலேயே நம்பிக்கை போய்விட்டது. இரவில் சரியாக வைத்தது காலையில் பிழைக்கிறது என்றால், ஒன்றில் நான் சரியாக வைக்கவில்லை, அல்லது வைத்ததாகக் கனவு கண்டிருக்கிறேன். வயது போனவனுக்கு இரண்டும் நடக்கலாம். மருமகன் அலுமாரியைத் திறந்து மூடுகிற சத்தம் இரண்டு முறை கேட்டது, கேட்கிற காதுக்கே கேட்டது.

வள்ளத்துக்கு அடிக்கிற வெள்ளைப் பெயின்டில் ஈர்க்குச்சியைத் தோய்த்து, ஸ்க்ரூவின் தலையிலிருந்து காபரேட்டர் உடம்பு வரைக்கும் நேராக ஒரு கோடு இழுத்தேன். ஸ்க்ரூ தலைமயிர் அளவு அசைந்தாலும் கோடு உடைந்துவிடும். காலையில் போய்ப் பார்த்தேன். உடம்பில் இருந்த கோடு வடக்கே பார்த்தது, ஸ்க்ரூவில் இருந்த கோடு மேற்கே பார்த்தது. எஞ்சின் அதிர்வில் கழன்றிருக்கலாம் என்று திரும்ப நேராக்கிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனேன். குடித்துவிட்டு வந்து பார்த்தால் கோடு கிழக்கே பார்த்தது. வண்டியை ஒருவரும் ஸ்டார்ட்கூடப் பண்ணியிருக்கவில்லை.

பரீதாவைக் கூப்பிட்டுக் காட்டி, இது ஜின் வேலையாக இருக்குமோ என்று மெதுவாகக் கேட்டேன். அவள் குனிந்து பார்த்தாள். "ஜின்னுக்கு வேற வேலை இல்லையா வாப்பா. ஒளிச்சிருந்து பாருங்க, ரெண்டு காலும் நிலத்தில படுற ஆள்தான் வரும்."

வலைக் குவியலுக்குப் பின்னால்

மறுநாள் காலை, வெயில் ஏறும் நேரத்தில், சூசையின் வலைக் குவியலுக்குப் பின்னால் குந்திக்கொண்டேன். முதலில் பாட்டுப் போட்டுக்கொண்டு பாணும் பணிஸும் விற்கிற பேக்கரி ஆட்டோ வந்தது. பாட்டை நிறுத்தாமலே ஆட்டோவை நிறுத்தி, பாண்காரன் இறங்கி, வண்டியைச் சுற்றி வந்து, பெருமூச்சு விட்டு, பணிஸ் வெட்டுகிற கத்தியின் நுனியால் ஸ்க்ரூவை ஒரு கால் சுற்று வலப்பக்கம் திருப்பிவிட்டுப் போனான். அடுத்து மோதினார் வந்தார். பள்ளிவாசல் பூட்டைத் திறக்கிற திறப்பால் கால் சுற்று இடப்பக்கம். பிறகு பாடசாலை அதிபர், அடிமட்டத்தின் விளிம்பால். பிறகு வீடு வீடாக மீன் விற்கிற பிலோமினா, கூடையோடு. கூடையை இறக்கி வைத்து, கத்தியால் திருப்பி, கூடையைத் தூக்கிக்கொண்டு, நாலு எட்டு வைத்தவள் மனம் கேட்காமல் திரும்பி வந்து இன்னும் ஒரு கால் சுற்று கொடுத்தாள். கடைசியில் சூசை. அவருக்கு ஆயுதமே தேவைப்படவில்லை, பெருவிரல் நகம் போதுமாக இருந்தது.

நான் திகைத்துப் போய் எழும்பவே இல்லை. இதில் எனக்குத் தெரியாத புதினம் ஒன்றும் இல்லை, அதுதான் வெட்கம். எங்கள் கரையில் எஞ்சின் நின்று மிதக்கிற வள்ளத்தைக் கண்டுவிட்டு ஒருவரும் தாண்டிப் போக மாட்டார்கள். எவருடைய வள்ளம், எந்த ஊர், எந்த வேதம் என்ற கேள்வி இல்லை. கிட்டப் போய், ஏறி, தெரிந்ததைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும். கடலில் பழகிய கை, நிலத்தில் நாலு சில்லோடு நின்ற எஞ்சினையும் தாண்டிப் போகவில்லை. ரபீக் போகாமல் நிற்க வேண்டும் என்று ஊர் முழுக்க ஆளுக்குக் கால் சுற்று நல்லெண்ணத்தை அதற்குள் திருப்பியிருந்தது. பாதிப் பேர் வலமாக, பாதிப் பேர் இடமாக.

திரும்பி வந்த பாண்காரனை மறித்துக் கேட்டேன். அவன் கொஞ்சமும் கூசவில்லை. "நிண்டுபோன எஞ்சினக் கண்டுட்டு சும்மா போக ஏலுமா காக்கா? அதுவும் நான் கொஞ்சமாத்தான் திருப்பினன்."

சூசை கேட்ட கேள்வி

சூசையிடம் போய்ச் சத்தம் போட்டேன். தொழில் தெரிந்தவன் வைத்த ஸ்க்ரூவில் கை வைப்பது என்ன நியாயம் என்றேன். ஊருக்கெல்லாம் சொல்லி நிறுத்த வேண்டும், ஞாயிறு வருகிறது, மகளின் வாழ்க்கை இதில் இருக்கிறது என்றேன். அவர் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

இந்த இடத்தில், நான் இருபது வருடத்துக்கு மேலாக எல்லாருக்கும் சொல்லி வருகிற ஒரு கதையைத் திருத்த வேண்டும். தொண்ணூறில் முஸ்லிம்களை வடக்கிலிருந்து வெளியேற்றியபோது, நாங்கள் மன்னாரிலிருந்து வந்த வள்ளத்தின் எஞ்சின் கடலில் நின்றுவிட்டது. வள்ளம் நிறையச் சனம், பரீதா அப்போது உம்மாவின் மடியில். அந்த எஞ்சினை ஒற்றைக் கையால் ஓட வைத்துச் சனத்தைக் கரை சேர்த்தவன் நான் என்பதுதான் ஊரறிந்த கதை. நடந்தது வேறு. இருந்த ஒரே மெக்கானிக் நான், எந்த ஸ்க்ரூ எங்கே என்றே தெரியாமல் குந்தியிருந்தேன். தூரத்தில் வலை போட்டுக்கொண்டிருந்த ஒருவர் வலையை அப்படியே விட்டுவிட்டு வந்தார். எங்கள் வள்ளத்தில் ஏறினார். என்னை ஒரு வார்த்தை கேட்காமல் ஒரு ஸ்க்ரூவைக் கால் சுற்று திருப்பினார். எஞ்சின் ஓடியது. அவர்தான் சூசை. என் கதையை ஊரில் எத்தனையோ தடவை பக்கத்தில் இருந்து கேட்டிருக்கிறார், ஒருநாளும் மறுத்ததில்லை.

இப்போது வலை ஊசியை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "அண்டைக்கு உங்களிட்டக் கேட்டுட்டா காக்கா திருப்பினன்?"

முதல் உதை

அதற்குப் பிறகு ஊரைத் தடுக்கிற எண்ணத்தை விட்டுவிட்டேன். ஆனாலும் இன்னும் எத்தனை கை இதில் இருக்கிறது என்று அறிய, அடுத்த நாள் விடியற்காலைச் சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு வலைக் குவியலுக்குப் பின்னால் போனேன். வந்தவர் மருமகன். தொப்பியைக் கழற்றாமலே குந்தி, சட்டைப் பையிலிருந்து சில்லறைக் குற்றி ஒன்றை எடுத்து, ஸ்க்ரூவைத் திருப்பினார். எழும்பி ஒரே ஒரு உதை உதைத்தார். பிடிக்கவில்லை. இரண்டாவது உதை உதைக்கவில்லை.

நான் இருமினேன். பயந்து திரும்பினார். இந்தக் குளறுபடியில் நீங்களுமா என்று கேட்டேன். சின்னப் பிள்ளை மாதிரித் தலையைக் குனிந்துகொண்டார். "ஒவ்வொரு நாளும் ஒரு உதைதான் மாமா. முதல் உதையில ஸ்டார்ட் ஆனா போறதில்ல எண்டு நிய்யத்து வச்சிருக்கிறன்."

சிவப்புக் காபரேட்டருக்குப் புது இடம்

சனிக்கிழமை மருமகன் மெடிக்கல் எடுக்கப் புத்தளத்துக்குப் போனார். ஏஜென்சிக்குக் கொடுக்க வேண்டிய கடைசிக் கடதாசி அது. பஸ் மறைந்ததும் நான் வேலையைத் தொடங்கினேன். சிவப்புக் காபரேட்டரைக் கழற்றினேன். கம்பனியோடு வந்த பழைய காபரேட்டரை மண்ணெண்ணெயில் கழுவி அதன் பழைய இடத்திலேயே பூட்டினேன். பழைய காபரேட்டரைக் கண்டதும் எஞ்சினே பெருமூச்சு விட்டது. மீன் போடுகிற நீலப் பீப்பாயில் ஒரு துண்டை வெட்டி, பழையது வெளியே தெரியாதபடி மூடினேன். மூடியின் மேலே, ஒழுங்கையால் போகிறவரின் கைக்கு எட்டுகிற உயரத்தில், வெயிலில் மினுங்க மினுங்க, சிவப்புக் காபரேட்டரை நிறுத்தினேன். அதற்கு ஒரு இறப்பர் குழாயும் பொருத்தி, குழாயின் மறுமுனையை மட்கார்ட்டுக்குக் கீழே ஒன்றுமே இல்லாத இடத்தில் செருகிவிட்டேன். ஸ்க்ரூவுக்குக் கொஞ்சம் கிறீஸ் போட்டேன், திருப்புகிறவர்களுக்கு லேசாக இருக்கட்டும் என்று.

அந்தியில் மருமகன் வந்து பார்த்தார். காற்று நன்றாகப் பிடிக்கட்டும் என்று காபரேட்டரை வெளியே எடுத்து வைத்திருக்கிறேன், ஜெர்மனியில் எல்லாம் இப்படித்தான் என்றேன். அவர் நீல மூடியைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார், நல்லது மாமா என்று உள்ளே போனார். பரீதா போகவில்லை. எனக்குக் கை கழுவத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "ஜெர்மனி எண்டு சொல்லேக்க உங்கட இடக் காது சிவந்துட்டு வாப்பா."

மாத்தயா பார்த்த இரண்டாவது ஓட்டம்

ஞாயிறு காலை ஒழுங்கையில் திருவிழாக் கூட்டம். பூசை முடிந்து வந்தவர்கள், பாண்காரன், மோதினார், அதிபர், பிலோமினா, எல்லாரும். மாத்தயா வருவதற்குள் ஒருவர் பின் ஒருவராகச் சிவப்புக் காபரேட்டருக்குப் பக்கத்தில் போய்க் கால் சுற்று திருப்பினார்கள். நான் தடுக்கவில்லை, வரிசை குழம்பாமல் மட்டும் பார்த்துக்கொண்டேன். பேத்தியும் போய்த் திருப்பினாள், அவளுக்கு முழுச் சுற்று.

மாத்தயா இந்த முறை கறுப்புச் சேட்டு போட்டு வந்திருந்தார், கருவாட்டுப் பரணுக்கு எதிர்ப்பக்கமாக நின்றார். மருமகன் பிஸ்மி சொன்னார். என் இடக் காதைக் கையால் பொத்திக்கொண்டேன், கேட்க எனக்குத் தைரியம் இல்லை. சூசை என் கையை இழுத்து எடுத்தபோது எஞ்சின் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. முதல் உதை. மருமகன் என்னைப் பார்க்கவில்லை, வேலிப் பக்கம் பார்த்தார். பிறகு முதலாம் கியர். வண்டி முன்னுக்குத்தான் போனது. களப்புக்குப் போய் வந்தது. மாத்தயாவை ஏற்றிக்கொண்டு போய் வந்தது. பட்டம், பலகை, ஒரு தடித்த வெள்ளைக்காரன் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போய் வந்தது. திரும்பி வந்து பிளக்கைக் கழற்றினேன். தேத்தண்ணி.

மாத்தயா இறங்கி மருமகனின் கையைப் பிடித்துக் குலுக்கி, வெள்ளிக்கிழமையிலிருந்து வரச் சொன்னார். பிறகு சிவப்புக் காபரேட்டரின் முன்னால் குனிந்து, ஒரு கிழமைக்குள் என்னதான் செய்தீர்கள் என்று கேட்டார். எட்டுப் பேர் ஒரே நேரத்தில் நெஞ்சைத் தொட்டார்கள். பிலோமினா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். "இவங்க எல்லாரும் கெடுத்தத, மாத்தயா, நான்தான் ரெண்டு தரம் திருப்பிச் சரிப்படுத்தினது."

கடைசியாக ஒரு வார்த்தை

பாஸ்போட் இன்னும் சேலைக்குக் கீழேதான் கிடக்கிறது, விசா காலாவதியாகிவிட்டது. பேத்தி இப்போது தகப்பனை வாப்பா என்று ஊருக்குக் கேட்கிற மாதிரிக் கத்துகிறாள். எனக்கோ ஒன்று இன்றுவரை விளங்கவில்லை: பிழை காபரேட்டரிலா, கைகளிலா, அல்லது என் காதிலா? மூன்றையும் ஒரே நேரத்தில் விலக்கிவிட்டதால் எதைக் குற்றம் சொல்வதென்று தெரியாமல் இருக்கிறேன்.

காற்றுக் காலம் முடிந்த ஒரு நாள், மனச்சாட்சி உறுத்தி, மருமகனைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். ஜெர்மனிக் கதையிலிருந்து எப்படிப் பின்வாங்குவது என்று நான் தொண்டையைச் செருமும்போதே அவர் சிரித்துவிட்டார். "சிவப்பிட பைப் பெற்றோல் டேங்குக்கே போகல்ல எண்டு அண்டைக்கு அந்தியிலேயே கண்டுட்டன் மாமா. இப்பவும் சுபஹு முடிஞ்சு வரேக்க அதத்தான் கால் சுத்து திருப்பிட்டு வாறன்."

என் தொழில் வாழ்க்கையில் ஊரே ஒத்துக்கொண்டு, ஒருவரும் குறை சொல்லாமல், நான் டியூன் பண்ணிய ஒரே காபரேட்டர், எஞ்சினோடு எந்தத் தொடுப்பும் இல்லாத அந்தச் சிவப்புக் காபரேட்டர்தான்.